துளையைப் பெரிதாக்கிய காலம்

கொல்லிமலையில் பந்தயக் கார் ஓடியது என்று சொன்னால் செம்மேட்டு டீக்கடையில் சிரிக்கிறார்கள். ஓடியது உண்மை. பந்தயம்தான் நடக்கவில்லை, நடந்தது வெள்ளோட்டம். கார் பிறந்தது மலைக்குக் கீழே, நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையின் பின்கொட்டகையில். 1980களின் தொடக்கம். நான் அங்கே எடுபிடி. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, வெல்டிங்குக்கு கார்பைடு டப்பாவில் தண்ணீர் பார்ப்பது, மேஸ்திரிக்கு டீ வாங்கி வருவது ஆகிய மூன்று துறைகளும் என் வசம் இருந்தன.

காருக்கு ஆசைப்பட்டவர் ஒரு மில் முதலாளியின் மகன். கோயமுத்தூர்ப் பையன்கள் எல்லாம் சோழவரம் பந்தயத்துக்குப் போய் ஓட்டுகிறார்கள், நான் மட்டும் கல்லாவில் உட்கார்ந்து பஞ்சு விலை பார்க்கவா என்பது அவர் வழக்கு. எங்கள் மேஸ்திரி அதுவரை லாரி கட்டியிருக்கிறார், ஒரு கோயில் தேருக்கு இரும்பு அச்சு போட்டிருக்கிறார். ரேஸ் கார் செய்ததில்லை. சின்ன முதலாளி ஓர் ஆங்கிலப் பத்திரிகையை விரித்துப் படத்தைக் காட்டினார். மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நாலு சக்கரம், நடுவுல ஒரு ஆளு. இதுக்கா தம்பி இவ்வளவு யோசனை?" என்றார். வடிவமைப்புக் கூட்டம் அத்துடன் முடிந்தது.

விதிகள் இல்லாமல் இல்லை. எங்கள் வகுப்புக்கு உரிய விதிகளை சின்ன முதலாளி ஒரு தாளில் எழுதி மடித்து சட்டைப்பையில் வைத்திருந்தார். வியர்வையில் அது நனைந்து, கடைசியில் மூன்று வரிதான் படிக்கும்படி இருந்தது. அந்த மூன்று வரியையும் நாங்கள் மீறவில்லை.

சேஸி குழாயில் செய்வது. குழாய் வளைக்கும் மிஷின் பட்டறையில் கிடையாது. மோகனூரிலிருந்து காவிரி மணல் வரும். அதைச் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, சூடாறியதும் குழாய்க்குள் இடித்து இடித்து நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து மூடுவோம். மணலை வறுப்பதுதான் முக்கியம். ஈரம் இருந்தால் நெருப்புக் காட்டியதும் நீராவி கட்டையைப் பிடுங்கிக்கொண்டு பறக்கும். எதிரே நிற்கிறவர் பாடு திண்டாட்டம். வளைக்க வேண்டிய இடத்தை கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சி, தரையில் நட்ட இரண்டு முளைக்கு நடுவே கொடுத்து மெல்ல இழுத்தால் குழாய் நசுங்காமல் வளையும். கோணம் சரியா என்பதை மேஸ்திரி ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சொல்வார். அந்த ஒரு கண்தான் எங்கள் தர ஆய்வுத் துறை. ஒரு குழாய் இன்னொரு குழாயின் முதுகில் பொருந்தி உட்கார, நுனியை அரைவட்ட அரத்தால் ராவ வேண்டும். ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவி, இடுக்கில் வெளிச்சம் தெரியாமல் போகும் வரைக்கும். பிறகுதான் வெல்டிங்.

இன்ஜின் ஒரு பழைய ஃபியட்டினுடையது, 1,089 சிசி. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றினோம். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும் துளைகளை ராவிப் பெரிதாக்கி, எமரித் தாளால் உள்சுவரைக் கண்ணாடி ஆக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் பதவி உயர்வு. விரல் நுனித் தோல் போய்விட்டது. "காத்து எவ்வளவு உள்ள போவுதோ அவ்வளவு ஓடும்டா. இதுக்கு மேல ஒரு ரகசியமும் கெடையாது" என்பார் மேஸ்திரி. எடையைக் குறைக்க, ஓட்டை போட முடிந்த இடத்திலெல்லாம் ஓட்டை போட்டோம். கடைசியில் பிரேக் பெடலிலும் போட்டோம். சின்ன முதலாளி அதைப் பார்த்து ஒருகணம் பேசாமல் நின்றார். பிறகு அவரே, "அழகா இருக்குது" என்றார்.

வெள்ளோட்டத்துக்கு மலையைத் தேர்ந்தெடுத்தது மேஸ்திரி. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. அங்கே நிற்கிற பிரேக் எங்கேயும் நிற்கும் என்பது அவர் கணக்கு. விடியற்காலையில் கொண்டுபோனோம். சைலன்சர் இல்லாத அந்தச் சத்தத்துக்கு அடிவாரத்து நாய்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டன. பாதி மலையைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. தண்ணீர் ஊற்றக் குடத்தோடு ஒரு வளைவில் நின்றிருந்த நான் ஓடினேன். மேலிருந்து இறங்கிய அரசு பஸ் நின்று, ஓட்டுநர் தலையை நீட்டி, "இது எந்த ரூட்டு வண்டிங்க?" என்று கேட்டார். கேலி மாதிரி தெரியவில்லை. எழுபது வளைவையும் தினமும் அந்த நீள பஸ்ஸில் திருப்புகிறவருக்கு எங்கள் காரைப் பார்த்து ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பிறகு காரைச் சோழவரத்துக்குக் கொண்டுபோனோம். அது இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. ஓடுதளம் என்றால் நேர்க்கோடு. வளைவுகளை டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து உண்டாக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கூட்டம், சோற்று மூட்டையோடு. புல்லட்டும் அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய அதே மைதானத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே இறக்கி ஓட்டினார். எங்கள் ரேடியேட்டருக்கு அந்தக் காரைப் பார்த்தே கொதிப்பு வந்திருக்கும். காரைச் சோதிக்க வந்த பெரியவர் ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்த்தார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார், பெட்ரோல் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தார், ஹெல்மெட் எங்கே என்றார். இருந்தது. போகச் சொல்லிவிட்டார். மூன்றாவது சுற்றில் ஃபேன் பெல்ட் அறுந்தது. பெல்ட் மட்டும்தான் நாங்கள் செய்யாதது என்று மேஸ்திரி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நினைத்துப் பார்க்க சுகமான காலம். சாவும் அதில் சேர்ந்துதான் இருந்தது. அடிபட்டவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. வைக்கோல் கட்டு காரை நிறுத்தும் என்று நம்பியவர்களில் காரே அதிகம் நம்பியது.

இந்த ஆட்டத்தை மாற்றியது ஒரு கைவேலைக்காரர் என்பதுதான் வேடிக்கை. கோயமுத்தூர் எஸ். கரிவரதன், கரி என்றால் எல்லோருக்கும் தெரியும். மில் குடும்பம். தானே கார்களைப் பிரித்து, மாற்றிச் செய்து, ஓட்டி ஜெயித்தவர். ராவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவர் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் ஒன்றைச் செய்தார். ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே இன்ஜின். யாரிடம் பணம் இருக்கிறது, யார் வெளிநாட்டிலிருந்து பாகம் தருவித்தார் என்ற பேச்சு ஒழிந்து, யார் ஓட்டத் தெரிந்தவர் என்பது மட்டும் மிஞ்சட்டும் என்பது அவர் எண்ணம். நியாயமான எண்ணம். எங்களைப் போன்ற பின்கொட்டகைக்காரர்களின் பிழைப்பில்தான் மண் விழுந்தது. ஏற்கெனவே பெரிய பிழைப்பு ஒன்றும் இல்லை என்பதால் ஓசைப்படாமல் விழுந்தது.

நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் ஆரம்பித்தவர். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்தார். டயர்த் தகராறில் மற்றவர்கள் விலக, ஓடிய கார்கள் ஆறே என்பதை எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நடிகர் அஜித்தும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். கரி 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. சோழவரம் ஓய்ந்து, 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பாதை வந்தது. மாருதிக்குப் பின்னால் கோவையின் எல்ஜிபி நிறுவனத்தின் பேரில் ஃபார்முலா எல்ஜிபி கார்கள் வந்தன. எல்லாம் ஒரே அச்சு.

இப்போது ஃபார்முலா 4. பிரான்ஸிலிருந்து மைகேல் கம்பெனி சேஸி, அதில் சீல் வைத்த இன்ஜின். சீலைத் தொட்டால் போச்சு. மெக்கானிக் என்று பெயர் போட்ட சட்டையோடு இருபது பேர் நிற்கிறார்கள்; துளையைப் பெரிதாக்க அதில் ஒருவருக்கும் உரிமை இல்லை. 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரிப் பந்தயம் என்றார்கள். பாதைக்கு உலக மோட்டார் சங்கமான எஃப்ஐஏ தர வேண்டிய சான்றிதழ் வரவில்லை. சான்றிதழுக்கு உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, பிறகு கெடுவை நீட்டியது. கோடிக்கணக்கான ரூபாய் கார்கள் வெளிச்சத்தில் பளபளவென்று நிற்க, ஊரே ஒரு தாளுக்காகக் காத்திருந்தது. பந்தயம் மறுநாள்தான் நடந்தது. சோழவரத்துப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்ன வேலைக்கு இப்போது உலகச் சங்கமும் நீதிமன்றமும் வேண்டியிருக்கின்றன.

கிண்டல் செய்வது சுலபம். 2020 நவம்பரில் பஹ்ரைன் பந்தயத்தில் ரொமான் குரோஜானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பிடித்ததைப் பார்த்தவர்கள் கிண்டல் செய்யமாட்டார்கள். கார் இரண்டு துண்டு. மனிதர் கிட்டத்தட்ட அரை நிமிடம் நெருப்புக்குள் இருந்துவிட்டுத் தானாக எழுந்து வந்தார், கையில் தீக்காயத்தோடு. தலைக்கு மேலே ஹேலோ என்ற வளையம் இல்லாவிட்டால் வந்திருக்கமாட்டார். பார்க்க அசிங்கம் என்று அந்த வளையத்தை முதலில் எத்தனை பேர் திட்டினார்கள்! 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித் கார் சுழன்று தடுப்பில் மோதி நொறுங்கியது. அவர் இறங்கி நடந்து போனார். எங்கள் வறுத்த மணல் சேஸியில் அந்த அடி விழுந்திருந்தால் சின்ன முதலாளியின் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்றுதான் நாங்கள் பேசியிருப்போம். விதி எல்லோரையும் காப்பாற்றிவிடுவதும் இல்லை. 2023 ஒரே ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு பேர் இறந்தார்கள். கார் பந்தயத்தில் 59 வயது அனுபவசாலி ஒருவர், பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் ஒருவன்.

என் அக்கா பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான். கல்லூரியில் பையன்கள் சேர்ந்து ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் செய்கிறார்கள். நான் இப்போது செம்மேட்டில் கேட்டும் கிரில்லும் அடித்துக்கொண்டு ஜீப்பு ரிப்பேர் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் லேப்டாப்போடு பட்டறைக்கு வந்தான்.

"தாத்தா, மெயின் ஹூப் ஒண்ணு வளைக்கணும். தலைக்குப் பின்னால வருமே, அது."

"கொண்டா கண்ணு. மணல் வறுத்தா அரை நாள் வேலை."

"மணலா?"

சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். குழாயின் விட்டம், சுவரின் கனம், இரும்பின் ரகம், எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்று எல்லாவற்றையும் எக்செல் ஷீட்டில் நிரப்பி அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கார் மைதானத்துக்குள் நுழையும். ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் மேஸ்திரிக்கு அந்த ஷீட்டில் கட்டம் இல்லை.

"அப்ப வளைக்கறது யாரு?"

"வெண்டார் கிட்ட குடுத்துட்டோம் தாத்தா. சிஎன்சி."

"குடுத்துட்டு எங்கிட்ட எதுக்குடா வந்தே?"

"சும்மா, உங்களுக்குக் காட்டலாம்னு."

நல்ல பிள்ளை. விதிப்புத்தகம் நூறு பக்கத்துக்கு மேல். அதில் பெர்சி என்று ஓர் ஆள் வருகிறான். உயிரில்லை, உடம்பில்லை, மூன்று வட்டமும் சில கோடுகளும்தான். ஊரிலேயே உயரமானவர்களில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் தலை ஹூப்புக்குக் கீழே அடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் உயிருள்ளவன் உட்காரலாம். உட்கார்ந்தவன் ஐந்து விநாடிக்குள் பெல்ட்டைக் கழற்றி வெளியே குதிக்க வேண்டும். காரை 60 டிகிரி சாய்த்துப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, சக்கரம் தூக்கக் கூடாது. வேகமாக ஓட்டி பிரேக் அடித்தால் நாலு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்தது. பெடலில் ஓட்டை போட்டவன் நான். எனக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பிறகு இன்ஜின். கேடிஎம் பைக்கின் 373 சிசி இன்ஜின் வாங்கியிருக்கிறார்கள். உள்ளே போகும் காற்று அத்தனையும் ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டுமாம். துளையின் விட்டம் 20 மில்லிமீட்டர். நான் கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டேன்.

"இருவது மில்லிமீட்டரா? எங்க சுண்டுவிரலு போற அளவு?"

"கட்டைவிரலே போகும் தாத்தா. பவர் ரொம்ப ஏறிடக் கூடாதுன்னு ரூல். அந்தத் துளைய வச்சுக்கிட்டு எவ்வளவு எடுக்கறோம்கறதுதான் கேம்."

விரலின் தோல் போக நான் பெரிதாக்கியதை இவர்கள் கம்ப்யூட்டரில் காற்றை ஓடவிட்டுச் சின்னதாக்கிக் கொண்டிருக்கிறார்கள். மேஸ்திரி இருந்திருந்தால் இரண்டு நாள் பேசியிருக்கமாட்டார். மூன்றாம் நாள், துளைக்குப் பின்னால் புனல் எந்தச் சரிவில் விரிய வேண்டும் என்று சாக்கட்டியால் தரையில் வரைந்திருப்பார். போட்டிக்கு மொத்தம் 1,000 மதிப்பெண். அதில் காரை எப்படி வியாபாரம் செய்வோம் என்று கோட்டு போட்டுக்கொண்டு பேசுவதற்கு மட்டும் 75. 22 கிலோமீட்டர் ஓட்டும் போட்டி கடைசியில் வருகிறது. அதற்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்றான். எதனால் என்றேன். ஏதாவது ஒயர், ஏதாவது ஹோஸ் என்றான். ஃபேன் பெல்ட் ஞாபகம் வந்தது.

அவன்தான் போனில் அமெரிக்க ஸ்பிரின்ட் கார் பந்தயத்தைக் காட்டினான். மண் தரை, முட்டை வடிவப் பாதை, தலைக்கு மேலே ஐந்தடிக்கு ஐந்தடி இறக்கை. கிட்டத்தட்ட 900 குதிரைசக்தி, மெத்தனால் குடிக்கும் 6.7 லிட்டர் இன்ஜின். கியர்பாக்ஸ் கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னாலிருந்து ஒரு வண்டி தள்ளித்தான் கிளப்புகிறார்கள். பேட்டரி செத்த லாரியை நாமக்கல்லில் தினம் தள்ளியவன் நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அங்கேயும் ஒரு காலத்தில் காயலான் கடைச் சாமானில் வீட்டுக் கொட்டகையில் செய்ததுதானாம். 1958இல் ஒஹாயோவில் ஜிம் குஷ்மன் என்பவர் கார் மேல் ஓர் இறக்கையை மாட்டிக்கொண்டு வந்தபோது விதிப்புத்தகத்தில் இறக்கை என்ற சொல்லே இருந்திருக்காது. இப்போது இறக்கை எத்தனை சதுர அடி, எடை எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. சேஸியை கம்பெனியில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஸ்டார்ட்டர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. தள்ளுகிற வேலை அங்கே பாக்கி இருப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

நாமக்கல்லிலும் கதை அதேதான். லாரி பாடிக்கு இப்போது தேசியத் தர விதி உண்டு. கேபினுக்குள் ஏசி வேண்டும் என்கிற வரை வந்தாயிற்று. ஓட்டுநருக்கு நல்லதுதான், யார் மறுப்பது? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது: கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. ஆக, பந்தயத்தில் சீல், சாலையில் சட்டம். கார் செய்யத் தெரிந்த கைக்கு மிஞ்சியிருப்பது கல்லூரிப் போட்டி. அங்கேயும் வளைக்கிற வேலை வெண்டாரிடம் போய்விட்டது. காரின் விதிகளில் ஒன்றைக்கூட நான் நீக்கச் சொல்லமாட்டேன். ஹூப்பில் ஒரு குழாயையாவது பையன்கள் தங்கள் கையால் ராவிப் பொருத்த வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

விதியே இல்லாத பந்தயம் ஒன்று பாக்கி இருக்கிறது. சனி, ஞாயிறு காலையில் காரவள்ளிச் சாலையில் வந்து நில்லுங்கள். பைக்கில் பையன்கள் வருவார்கள். ஹெல்மெட் மேல் கேமரா, பிடுங்கி எறிந்த சைலன்சர், எழுபது வளைவை எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று போனில் கணக்கு. கீழே ஸ்டாண்ட் உரசும் அளவுக்குச் சாய்கிறார்கள். இவர்களுக்குச் சோதனை போட சோழவரத்துப் பெரியவரும் இல்லை, பெர்சியும் இல்லை. வைக்கோல் கட்டுகூட இல்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்தான். எதிரே மிளகு மூட்டையோடு ஜீப்பு வரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பஸ் வரும். அடிபட்ட பைக்குகள் என் பட்டறைக்குத்தான் வருகின்றன. ஃபோர்க்கை நிமிர்த்திக் கொடுத்துக் காசு வாங்குகிறவன் இப்படிப் பேசுவதா என்று கேட்கலாம். கேளுங்கள்.

வேகம் வேண்டுமென்றால் செட்டிபாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பாதை இருக்கிறது, பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறார்கள், பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். மலைக்கு வந்தால் வளைவுக்கு வளைவு ஹாரன் அடியுங்கள். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்பது இந்தியச் சாலை விதி. இறங்குகிறவர்கள் ஓரம் கட்டி நில்லுங்கள், பஸ் திரும்பட்டும்.